பூச்சாண்டி வந்தால் என்ன செய்வான்?

கேள்வி இதுதான்: சாப்பிடாத, தூங்காத பிள்ளையைப் பயமுறுத்தச் சொல்லும் 'பூச்சாண்டி'க்கு வட்டாரத்துக்கு வட்டாரம் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன? உடம்பெல்லாம் திருநீறு பூசிய ஆண்டிதான் பூச்சாண்டி ஆனான் என்கிறார்களே, அது சரியா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் பாதி சரியாக இருக்கலாம், பாதி நிச்சயமாகத் தவறு. 'பூச்சு' தவறு, 'ஆண்டி' சரியாக இருக்கலாம்.

'பூச்சு + ஆண்டி' என்று பிரிப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. களப்பிரர் காலத்தில் நீறு பூசிய சைவர்களைப் பார்த்து அரசன் மிரண்டான் என்று ஒரு கதையும் அதோடு சேர்ந்து சுற்றுகிறது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு பாட்டையோ கல்வெட்டையோ சான்றாகக் காட்டி நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஆண்டியே இல்லாமல் 'பூச்சி' மட்டும் தனியாக நிற்கிறது என்பது. "சும்மா பூச்சி காட்டாதே" என்று இன்றைக்கும் சொல்கிறோம். இந்தப் பூச்சிக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

இது எவ்வளவு பழைய பேச்சு என்று பார்க்க வேண்டுமானால் பெரியாழ்வாரிடம் போக வேண்டும். பெரியாழ்வார் திருமொழியில், இரண்டாம் பத்தின் முதல் திருமொழி முழுக்க இந்தச் சொல்லை வைத்தே கட்டப்பட்டது. பாட்டுக்குப் பாட்டு, "அப்பூச்சி காட்டுகின்றான், அம்மனே! அப்பூச்சி காட்டுகின்றான்" என்று முடியும். குழந்தை கண்ணன் ஆயர் வீட்டுப் பெண்களைப் பயமுறுத்தி விளையாடுகிறான். பாண்டவர்களுக்காகத் தூது போனவன், பாரதப் போரை நடத்தியவன், இப்போது வந்து பூச்சி காட்டுகிறான் என்று அவர்கள் அலறுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னால் பாடியது இது. 'அப்பூச்சி' என்பதை ஒரே சொல்லாக எடுத்தாலும் சரி, 'அந்தப் பூச்சி' என்று பிரித்தாலும் சரி, பக்கத்தில் 'காட்டு' என்ற வினை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். இந்தப் பதில் முழுக்க அந்த வினையைப் பிடித்துக்கொண்டுதான் போகப் போகிறேன்.

தெலுங்கிலும் இதே சொல் இருக்கிறது. 'பூந்தி'யில் வரும் அழுத்தமான பகரத்தோடு பூச்சி, பூச்சாடு, பூச்சோடு என்பார்கள். அங்கே 'ஆண்டி' இருக்கும் இடத்தில் 'வாடு', அதாவது 'அவன்', வந்திருக்கிறது. ஆக, பயமுறுத்தும் வேலையைச் செய்வது 'பூச்சி'. அதற்கு ஒரு ஆள் உருவம் கொடுக்கத்தான் பின்னொட்டு.

சரி, ஏன் ஆண்டி? ஈழத் தமிழில் 'உம்மாண்டி' என்று ஒரு சொல் உண்டு. "குழப்படி செய்தா உம்மாண்டி வரும்" என்பார்கள். அதிலும் ஆண்டி இருக்கிறான், ஆனால் பூச்சு இல்லை. மராத்தியில் இதே ஆளுக்குப் 'பாகுல்புவா' என்று பெயர். 'புவா' என்பது அங்கே சாமியார், பெரியவர் என்ற பொருளில் வரும் சொல். இந்தி பேசும் ஊர்களில் 'ஜோலிவாலா பாபா', பை சுமந்த பாபா. வீடு வீடாக வந்து பிச்சை எடுக்கும், எந்த ஊர் என்று தெரியாத, சடைமுடி வளர்ந்த ஆண்டி, குழந்தையின் கண்ணுக்கு அச்சமாகத்தான் தெரிவான். அதனால் அந்த ஆண்டிதான் இந்த ஆண்டி என்று சொல்வதில் எனக்குத் தடை இல்லை. பூச்சு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி முதல் கேள்வி. நான் இந்தச் சொற்களைப் பல வருடங்களாகக் குறித்து வைத்து வருகிறேன். ஆரம்பத்தில் மாவட்டவாரியாகப் பிரித்து எழுதினேன், அது சரியாக வரவில்லை. கல்யாணத்தில் பெண்ணோடு சேர்ந்து அவள் ஊர்ச் சொல்லும் வந்துவிடுகிறது. ஒரே வீட்டில் அப்பத்தா ஒன்று சொல்வாள், அம்மாச்சி இன்னொன்று சொல்வாள். பிறகுதான் ஒன்று உறைத்தது. பெயரை விட்டுவிட்டு அதோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லைப் பார்த்தால் எல்லாம் தானாகவே பிரிந்துவிடுகிறது. சிலதைக் 'காட்டுகிறோம்'. சிலரிடம் 'பிடிச்சுக் கொடுக்கிறோம்'. சிலது 'அடிக்கும்', 'குத்தும்'. இந்த மூன்றும் மூன்று வேறு வகையான பயம்.

காட்டும் சொற்களில் பூச்சி, பூச்சாண்டி இரண்டையும் பார்த்துவிட்டோம். மலையாளத்தில் இதற்கு 'உம்மாக்கி' என்று ஒரு சொல் இருக்கிறது. "உம்மாக்கி காட்டிப் பேடிப்பிக்குக" என்றால் நம் "பூச்சாண்டி காட்டுவது" அப்படியே. 'கோக்காச்சி' என்பதும் அங்கே பழக்கத்தில் உண்டு. இந்தக் காட்டுகிற சொற்களுக்கு எந்த ஊரிலும் உருவ வர்ணனை கிடையாது. பூச்சாண்டிக்குக் கொம்பு உண்டா, வால் உண்டா, என்ன நிறம் என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் பதில் வராது. கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி "பூ..." என்று சொல்லும் அந்த நொடியில்தான் பூச்சாண்டி இருக்கிறான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மேல் இமையை விரலால் புரட்டி, உள்ளே இருக்கும் சிவப்பை வெளியே காட்டி, தம்பி தங்கைகளை ஓடவிடுவோம். ஒரு பையன் இமையைப் புரட்டிக்கொண்டே கையை விட்டுவிட்டு நடந்து வருவான். கண் இரண்டும் ரத்தமாகத் தெரியும். அதற்கு எங்கள் தெருவில் பெயர் 'பூச்சி காட்டுறது' தான். ஆழ்வார் பாசுரத்தைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

இந்தச் சொல் வளர்ந்து பெரியவர்கள் பேச்சுக்குள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதும் கவனிக்க வேண்டியது. "இந்தப் பூச்சாண்டிக்கெல்லாம் பயப்பட மாட்டோம்" என்று அரசியல் மேடையில் ஒருவர் பேசினால், 'உங்கள் மிரட்டலுக்குள் ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்' என்று பொருள். யாழ்ப்பாணத்தில் இதுவே இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே 'பேய்க்காட்டுதல்' என்றால் ஏமாற்றுதல். "என்னைப் பேய்க்காட்டாதை" என்றால் 'என்னை ஏமாற்றாதே'. அங்கே பேயைப் பற்றிய பேச்சே இல்லை. 'பேயன்' என்றால் முட்டாள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இதை முதல் முறை கேட்டால் குழம்பிப் போவார். ஆனால் வழி நேரானதுதான்: பேயைக் காட்டுவது என்றால் இல்லாததைக் காட்டுவது, இல்லாததைக் காட்டுவது என்றால் ஏமாற்றுவது. பேயைக் காட்டினால் நம்புகிறவன் பேயன். ஒரு சின்னப் பிள்ளை விளையாட்டு, ஊர் முழுக்கப் பேசும் வினைச்சொல்லாக மாறியிருக்கிறது.

இரண்டாவது வகை, 'பிடிச்சுக் கொடுத்துடுவேன்'. இங்கே நிலைமை வேறு. இவர்கள் எல்லாரும் தெருவில் உண்மையிலேயே நடமாடும் மனிதர்கள். கோணிக்காரன், சாக்குக்காரன், பிள்ளை பிடிக்கிறவன், பூம்பூம் மாட்டுக்காரன், குடுகுடுப்பைக்காரன். இலங்கையில் சிங்களப் பிள்ளைகளை மிரட்டுபவன் 'கோனி பில்லா'. அதில் முதலில் நிற்பதும் நம் கோணிதான். சாக்கு என்ற ஒரு பொருளை இவ்வளவு மொழிக்காரர்களும் பிள்ளைப் பயத்துக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, ஒரு பிள்ளை கச்சிதமாக அதற்குள் அடங்கும் என்ற இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இவர்களில் குடுகுடுப்பைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் அடங்கிய சாமத்தில் வருவார். மதுரை, கொங்கு பக்கங்களில் 'சாமக்கோடாங்கி' என்ற பெயரும் அதனால்தான். சுடுகாட்டுக்குப் போய்விட்டுத்தான் ஊருக்குள் வருவார், நாய்களின் வாயைக் கட்டிவிடுவார், அவர் குறி சொல்லும்போது யாரும் எதிரே போகக் கூடாது என்பதெல்லாம் நம்பிக்கை. தூரத்தில் அந்தச் சின்ன உடுக்கைச் சத்தம் கேட்டதும் அப்பத்தா என்னைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள். "மூச்சு விடாதே, உன்னைப் பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று காதுக்குள் சொல்வாள். வாசலில் "ஜக்கம்மா சொல்றா, நல்ல காலம் பொறக்குது" என்று குரல் கேட்கும். நான் உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

விடிந்ததும் அவரே வருவார், ராத்திரி சொன்ன வாக்குக்குக் கூலி கேட்டு. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒல்லியான, தூக்கம் கெட்ட மனிதர். பழைய கோட்டு, தலைப்பாகை, தோளில் துணி மூட்டை. ஒருமுறை கூடவே என் வயசுப் பையன் ஒருவன் வந்தான். அப்பத்தா ஒரு படி நெல்லைப் போட்டுவிட்டு, உள்ளே போய் என்னுடைய அரைக்கால் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பையன் கையில் கொடுத்தாள். அவன் அதை அங்கேயே இடுப்பில் வைத்து அளந்து பார்த்தான். அதற்குப் பிறகு அந்த உடுக்கைச் சத்தம் கேட்டால் எனக்குப் பயம் வரவில்லை, அந்தப் பையன் இந்நேரம் தூங்கியிருப்பானா என்றுதான் தோன்றும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது. முதல் வகையில் பயம் காற்றோடு போய்விடும். இதில் அது ஒரு மனிதர் மேல் போய் உட்காரும். பாலம் கட்டினால், அணை கட்டினால் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள், அதற்காகப் பிள்ளை பிடிக்க ஆள் வந்திருக்கிறது என்ற புரளி தலைமுறை தலைமுறையாகக் கிராமங்களில் கிளம்பி அடங்குவது. வாட்ஸப் வந்த பிறகு அது அடங்கவில்லை. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன 65 வயது அம்மா ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடி அவரை அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் எல்லாரும் சின்ன வயதில் 'புள்ள புடிக்கிறவன் வர்றான்' என்று கேட்டு வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பூச்சாண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், தெருவில் போகிற மனிதரைக் காட்டி மட்டும் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்று என் வீட்டில் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

இலங்கையிலும் இப்படி ஒரு காலம் வந்தது. 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பேச்சு மலையகம், கிழக்கு, யாழ்ப்பாணம் என்று பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இருட்டில் வந்து பெண்களைத் தாக்கும் மர்ம மனிதன். பிள்ளைகளுக்குச் சொல்லும் 'பூதம்' என்ற சொல்லை எடுத்துப் பெரியவர்கள் செய்தியில் படிக்கும் நிலைமை. ஊர்க்காரர்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள், பாதுகாப்புப் படையினரோடு மோதல்கள் நடந்தன.

மூன்றாவது வகை, அடிப்பதும் குத்துவதும். "சாமி கண்ணைக் குத்தும்" என்பது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. பிராமண வீடுகளில் குழந்தை மொழியில் சாமிக்குப் பெயர் 'உம்மாச்சி', அதனால் அங்கே "உம்மாச்சி கண்ணைக் குத்திடும்". இதில் ஒரு வேடிக்கையான நெருக்கம் தெரிகிறது. உம்மாச்சி சாமி, உம்மாண்டி பயம், உம்மாக்கி மலையாளத்துப் பயம். மூன்றும் ஒரே வேரா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் 'உம்' என்று உதட்டை மூடித் திறக்கும் ஒலியைச் சின்னக் குழந்தைக்குப் பெரிய ஒன்றைச் சொல்லும்போது மூன்று இடத்திலும் எடுத்திருக்கிறார்கள்.

அடிப்பவர்களில் முதலிடம் முனிக்கு. "உச்சி உருமத்துல புளியமரத்துப் பக்கம் போகாதே, முனி அடிச்சிரும்" என்பது தென்மாவட்டப் பேச்சு. உருமம் என்றால் நண்பகல். முனி நடந்து போகும் வழிக்கு 'முனிப் பாய்ச்சல்' என்று பெயர், அந்த வழியில் வீடு கட்ட மாட்டார்கள். நெல்லையிலும் குமரியிலும் மாடன், இசக்கி, 'வாதை' என்ற பொதுப்பெயர் எல்லாம் வரும். இவற்றைப் பூச்சாண்டியோடு சேர்த்து ஒரே பட்டியலில் போடுவது தப்பு. பூச்சாண்டிக்குக் கோயில் கிடையாது, இவர்களுக்கு உண்டு. முப்பந்தல் பக்கம் போனால் இசக்கியின் உருவத்தைப் பாருங்கள். கையில் ஒரு பிள்ளை இருக்கும், வாயில் கடித்தபடி இன்னொரு பிள்ளை இருக்கும். அவளிடம்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். காட்டேரியும் அப்படித்தான். நமக்கு 'ரத்தக் காட்டேரி' என்றால் பேய்க்கதை. வட மாவட்டங்களில் அவளுக்குக் கோயில் உண்டு. கரும்புத் தோட்ட வேலைக்காக 19-ஆம் நூற்றாண்டில் கயானா போன தமிழர்கள் அவளைக் கூடவே கொண்டுபோனார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அவளைத் தாயாகக் கும்பிடுகிறார்கள். எது பிள்ளையை எடுத்துக்கொள்ளுமோ அதனிடமே பிள்ளையை ஒப்படைத்துக் காக்கச் சொல்வது. பிரசவத்திலும் பிறகும் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலத்துத் தாய்மார்களின் வேண்டுதல் அது, அதைப் பயமுறுத்தல் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, குட்டிச்சாத்தான் எல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல, அதனால் விட்டுவிடுகிறேன். அஞ்சு கண்ணன், மூணு கண்ணன், ஒத்தக் கண்ணன் என்று கண்ணை எண்ணிப் பயமுறுத்துவதும் பல ஊர்களில் உண்டு. கண்ணின் எண்ணிக்கை மாறுவதைத் தவிர அதில் சொல்ல அதிகம் இல்லை.

'பூச்சி'யைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். கிராமத்தில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், 'பூச்சி' என்பார்கள். பாம்பு கடித்தாலும் "பூச்சி கடிச்சிருச்சு" தான். 'பூச்சி பொட்டு' என்றால் பாம்பு, தேள் எல்லாம் அடக்கம். அப்படியானால் பொழுது சாய்ந்த பிறகு வெளியே ஓடும் பிள்ளையிடம் "அங்கே பூச்சி இருக்கு, போகாதே" என்று சொல்லும் தாய் பயமுறுத்துகிறாளா, உள்ளதைச் சொல்கிறாளா? இரண்டும் ஒரே சொல்லில் இருக்கிறது. வைக்கோல் போர், கிணற்றடி, வேலி ஓரம் என்று பூச்சாண்டி இருப்பதாகச் சொன்ன இடங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாமே பாம்பு கிடக்கும் இடங்கள்.

கன்னடத்தில் இந்த ஆளுக்கு 'கும்ம' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசரின் "கும்மன கரெயதிரெ" என்ற பாட்டில், குழந்தை கிருஷ்ணன் அம்மாவிடம் 'கும்மனைக் கூப்பிடாதே, சமர்த்தாக இருக்கிறேன்' என்று கெஞ்சுவான். பெரியாழ்வார் பாட்டில் அவனே பூச்சி காட்டினான், இங்கே அவனே பயப்படுகிறான். நாலு வயசுப் பிள்ளை காலையில் இமையைப் புரட்டித் தங்கையை ஓட வைக்கும், அதே பிள்ளை ராத்திரியில் கொல்லைக்குத் தனியாகப் போகாது.

உங்கள் ஊர்ச் சொல்லைத் தெரிந்துகொள்ள ஆசை என்றால், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் 'பூச்சாண்டிக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?' என்று கேட்காதீர்கள். 'பூச்சாண்டிதான்' என்று சொல்லிவிடுவார்கள். "நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப சாப்பிடலைன்னா யாரு வருவாங்கன்னு சொன்னாங்க?" என்று கேளுங்கள். அப்புறம், "வந்தா என்ன செய்வாங்களாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். என் மாமியார் நாகர்கோவில் பக்கத்துக்காரர், எழுபது தாண்டியவர். இந்தக் கேள்விக்கு வாய் திறக்கும் முன்பே அவருடைய கண் உருண்டது, குரல் தாழ்ந்தது, கை தானாக உயர்ந்து விரல்கள் மடங்கின. எந்தச் சொல் என்று நான் குறித்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று, ஏனென்றால் அடுத்த அரை மணி நேரம் அவர் தன் அம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.